பதினைந்தாம் லூயி வைத்துப்போன கடன்

பிரான்சில் இருந்தவரை நான் இந்தியன். விடுமுறைக்குப் புதுச்சேரி போனால் பிரான்ஸ்காரன்; ஆட்டோக்காரர் என் ஷூவைப் பார்த்துத்தான் கட்டணம் சொல்வார். ஐயத்துக்கு இடமில்லாத அசல் பிரெஞ்சுக்காரன் என்ற பட்டம் மாண்ட்ரியாலுக்குக் குடிவந்த பிறகுதான் கிடைத்தது. கொடுத்தவர் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். ரொட்டி சரியில்லை, காபி தண்ணீராக இருக்கிறது, ஊரே ஜூலை 1 அன்று மொத்தமாக வீடு மாறுகிறதே, இது என்ன வழக்கம் என்று நான் அடுக்கிக்கொண்டு போனதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சந்தேகமே இல்லை, நீ பிரெஞ்சுக்காரன்தான்" என்றார். என் நிறம் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. நான் குறை சொன்ன தோரணையே போதுமான அத்தாட்சியாக இருந்தது.

பிரெஞ்சு பாஸ்போர்ட் எனக்கு வந்ததில் என் சாமர்த்தியம் ஏதுமில்லை. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். தெருவில் எங்கள் வீட்டுக்குச் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்று பெயர். 1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடிமக்களாகவே நீடிக்க ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். தாத்தா பென்ஷனை நினைத்துக்கொண்டு சுறுசுறுப்பாகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டார். மைனஸ் இருபது டிகிரியில் கார்க் கதவு உறைந்துபோய்த் திறக்க மறுக்கும் காலைகளில் என் மனைவி சொல்வாள்: "உங்க தாத்தா அன்னிக்குக் கொஞ்சம் சோம்பேறியா இருந்திருக்கலாம்."

மாண்ட்ரியால் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். சட்டம் காருக்குத்தான், மனிதன் தாராளமாக வழுக்கி விழலாம். இரவில் பனி அள்ளும் லாரிகளுக்கு முன்னால் இழுவை வண்டி ஒன்று சைரன் ஊதிக்கொண்டு வரும். தெருவில் நிற்கும் காரை எடுக்காவிட்டால் பக்கத்தில் ஏதோ ஒரு தெருவில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். எல்லாக் காரும் வெள்ளையாக இருக்கும் ஊரில் நம் காரை நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சைரன் கேட்டதும் கைலிக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுவேன். தெருவே அரைத் தூக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்படி ஓடிய ஓர் இரவில்தான் பக்கத்து வீட்டுக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வழக்கைத் தொடங்கினார். "1763-ல் பாரிஸ் உடன்படிக்கையில் உங்கள் பதினைந்தாம் லூயி எங்களை இங்கிலாந்துக்காரனிடம் விட்டுவிட்டுப் போனார். இந்தப் பனியில்!"

எனக்கும் அந்த ராஜாவுக்கும் கொடுக்கல் வாங்கல் ஏதுமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சரித்திரப் பாடத்தில் எனக்குப் பிடித்த பக்கம் அது. "அதே உடன்படிக்கையில்தான் இங்கிலாந்துக்காரன் பிடித்து இடித்துப்போட்ட எங்கள் புதுச்சேரி பிரான்சுக்குத் திரும்பக் கிடைத்தது" என்றேன்.

அவர் யோசித்தார். "அங்கே பனி பெய்யுமா?"

"கிடையாது."

"கடல்?"

"வீட்டிலிருந்து நடக்கும் தூரம்."

"ஆக, எங்களைக் கொடுத்துவிட்டு உங்களை வாங்கியிருக்கிறார். ராஜா ஏமாளியில்லை" என்றார். அன்றிலிருந்து நான் கடன்காரன். பனி கொட்டும்போதெல்லாம் அவர் வீட்டு வெளிப்படிக்கட்டையும் நானே சுத்தம் செய்கிறேன், போர் இழப்பீடாம். வரவுக் கணக்கில் ஏதாவது காட்டலாமே என்று, ஸ்குவேர் விக்டோரியா மெட்ரோ நிலையத்தில் நிற்கும், பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் கீமார் வடிவமைத்த வாசலைச் சுட்டிக் காட்டினேன். பாரிஸ் மெட்ரோ நிர்வாகம் 1967-ல் தந்தது. "ஒரு நாட்டுக்குப் பதில் ஒரு வாசலா?" என்றார். அதே ஆண்டு ஜூலையில் பிரெஞ்சு அதிபர் தெகோல் மாண்ட்ரியால் நகர மண்டப மாடத்தில் நின்று சுதந்திர கியூபெக்கை வாழ்த்தியதை எடுத்துவிட்டேன். "வாழ்த்திவிட்டு விமானம் ஏறிப் போய்விட்டாரே!" என்றார்.

அந்த உடன்படிக்கையில் பிரான்சுக்குக் கிடைத்த இன்னொரு துண்டு, நியூஃபவுண்ட்லாந்து கரையருகே இருக்கும் சேன் பியேர் மிக்கலோன் தீவுகள். மீனவர்களுக்கென்று கேட்டு வாங்கியவை. சுமார் 6,000 பேர் வசிக்கும் அந்தத் தீவுகள் இன்றும் பிரான்ஸ்தான். கோடையில் மனைவியோடு போனேன். யூரோ நோட்டு, ஐரோப்பிய பிளக், முத்திரை குத்தும் பிரெஞ்சு அதிகாரி, எல்லாம் முறைப்படி இருந்தன. மதியம் கடைகளுக்கு ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். மதியத்தில் இப்படியே மூடிக்கிடக்கும் புதுச்சேரி நேரு வீதியை நினைத்து எனக்கு மெய்சிலிர்த்தது. "மூடின கடையைப் பார்க்கவா இவ்வளவு செலவு பண்ணி வந்தோம்?" என்றாள் மனைவி.

வெண்ணெயில் குளித்த க்ரொவாசானும் மொறுமொறு ரொட்டியும் எந்தக் குறையும் இல்லாமல் இருந்தன. அதுதான் சங்கடமாகிவிட்டது. குறை சொல்ல ஏதுமில்லாததால் சாப்பாட்டு மேசையில் எங்களுக்குப் பேச்சே ஓடவில்லை. மனைவி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று.

கனடா சுங்கம் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் ஒயின் கொண்டுவர அனுமதிக்கிறது. அதில் நல்ல பாட்டில் ஒன்றைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் நீட்டி, "1763 கணக்கு இதோடு தீர்ந்ததா?" என்று கேட்டேன். அவர் லேபிளைப் படித்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இந்த வருஷ வட்டி வந்து சேர்ந்தது" என்றார். "அசல் அப்படியே நிற்கிறது."