ரச மண்டி: அடியில் தங்கியது பற்றி ஓர் ஆய்வு

தமிழ் வீடுகளில் தீர்ப்பே வராமல் இழுத்துக்கொண்டிருக்கும் வழக்குகளில் ஒன்று, ‘ரசத்தில் காரமே இல்லை’ என்பது. வாதி முன்னதாகச் சாப்பிட்டு எழுந்தவர். பிரதிவாதி கடைசியில் சாப்பிட்டவர். பெரும்பாலும் சமைத்தவரும் அவரே. ‘எனக்குச் சரியாத்தானே இருந்துச்சு’ என்பது அவருடைய வாக்குமூலம். இதை நாக்குக் கோளாறு என்றோ, அம்மா கைப்பக்குவத்தை நினைத்து விடும் பெருமூச்சு என்றோ சொல்லித் தள்ளுபடி செய்வதே இதுவரை வழக்கம். இருவர் சொல்வதும் உண்மை என்பதே இக்கட்டுரையின் துணிபு. இருவரும் சாப்பிட்டது ஒரே ரசம் அல்ல. ஒரு பாத்திரத்தில் இருப்பதெல்லாம் ஒரே பண்டம் என்ற நம்பிக்கையில்தான் பிழை இருக்கிறது.

சான்றுக்கு அன்றாடப் பருப்பு ரசத்தையே எடுத்துக்கொள்வோம். புளிக்கரைசலும் தக்காளியும் பச்சை வாசனை போகக் கொதித்து, துவரம்பருப்பைக் கரைத்து ஊற்றி, இடித்த மிளகு சீரகம் சேர்ந்து, விளிம்பில் மஞ்சள் நுரை ஏறி நடுவை நோக்கி மூடிக்கொண்டு வரும்போது இறக்கிவிட வேண்டும் என்பது விதி. அதுவரை அடுப்பின் சூடு எல்லாவற்றையும் கலக்கிக்கொண்டே இருக்கிறது. இறக்கி வைத்த நிமிடத்தில் கலக்குவார் இல்லை, மண்டி பிறக்கிறது. திரவத்தில் மெல்ல விழும் சிறு உருண்டையின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1851இல் கணக்கிட்டார். விட்டம் இரண்டு மடங்கானால் வேகம் நான்கு மடங்கு. இடித்த மிளகு உருண்டை இல்லைதான். ஆனாலும் பெரியது முந்தும் என்பதில் மாற்றமில்லை. மிளகுத் துணுக்கும் சீரகமும் முதலில் இறங்கிவிட, பருப்பு சாவகாசமாக அவற்றின் மேல் வந்து படுத்துக்கொள்கிறது.

இதில் காரத்துக்கு என்ன சம்பந்தம்? மிளகின் காரம் பைப்பரின் என்ற பொருளில் இருக்கிறது. அதை 1819இல் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட். மின்சாரம் பாய்ந்தால் காந்த ஊசி திரும்பும் என்று மறு ஆண்டே கண்டு சொன்னாரே, அவரேதான். பைப்பரின் தண்ணீரில் மிகச் சொற்பமாகத்தான் கரையும். ஆகவே மிளகு எங்கே தங்குகிறதோ அங்கேதான் காரத்தில் பெரும்பங்கும் தங்கும். மிளகாயின் காரமும் தண்ணீரோடு ஒட்டாது. எண்ணெயோடும் நெய்யோடும் சேர்ந்துகொள்ளும். தாளிப்பில் கிள்ளிப் போட்ட வரமிளகாய் தன் உறைப்பை எண்ணெயிடம் கொடுத்துவிட, எண்ணெய் கறிவேப்பிலையோடு மேலே மிதக்கிறது. ஆக, முதல் ஆளுக்குத் தாளிப்பு கிடைக்கிறது, கடைசி ஆளுக்கு மண்டி கிடைக்கிறது. நடுவில் உட்கார்ந்தவருக்கு வந்து சேர்வது வெதுவெதுப்பான புளித்தண்ணீர். வாதி பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.

அப்படியானால் உப்பு இல்லை என்ற புகாரையும் இப்படியே சமாதானப்படுத்திவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. உப்பும் புளிப்பும் கரைந்த பொருள்கள். மேலும் கீழும் ஒரே அளவில்தான் இருக்கும். உப்புப் புகார் வந்தால் சமைத்தவர் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். காரப் புகார் வந்தால் விசாரிக்கப்பட வேண்டியது கரண்டி. இந்த வேறுபாடு தெரியாமல் எத்தனை பேர் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டிருப்பார்களோ!

இன்னொரு மறுப்பு வலுவானது: கலக்கி ஊற்றினால் தீர்ந்தது அல்லவா? தீராது. கரண்டியை எடுத்ததும் படிதல் மறுபடி தொடங்குகிறது. நான்காவது ஆளுக்கு ஊற்றும்போது பழைய கதைதான். அதைவிடப் பெரிய தடை, தெளிவுக் கட்சி. ‘மேலாக ஊத்து’ என்று டம்ளரை நீட்டுகிறவர்களும், ‘கலக்கி ஊத்து’ என்று சோற்றில் குழி பறித்து வைத்திருப்பவர்களும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒருவருக்காகக் கலக்கினால் மற்றவர் டம்ளர் கலங்குகிறது. ஈயச் சொம்பு தெளிவுக் கட்சியின் பாத்திரம். ஆழமும் குறுகிய வாயுமாக இருப்பதால் கரண்டி அடிவரை போவதே பாடு. (அது வெள்ளீயம்; காரீயம் அல்ல. 232 டிகிரியில் உருகிவிடும் என்பதால் ரசம் இல்லாமல் அடுப்பில் வைத்தால் சொம்பு மிஞ்சாது.)

பருப்பே போடாத கொட்டு ரசத்தைக் காட்டி மண்டிக் கொள்கையை மறுப்பவர்களும் உண்டு. அங்கே இறங்கும் பொடி தடுக்கப் பருப்பில்லாமல் இன்னும் சுத்தமாக இறங்குகிறது என்பதே பதில். மிக்ஸியில் மாவாக அரைத்தால் மண்டியே வராது என்ற வாதத்தில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பொடி நைசானால் இறங்க நேரமாகும். ஆனால் அப்போது தெளிவும் வராது. முழுப் பாத்திரமும் கலங்கலாக நிற்கும். ‘மிளகு சீரகத்தைக் கொரகொரப்பா இடி’ என்று உரலடியில் சொல்லிவந்தவர்கள் ஸ்டோக்ஸின் சூத்திரத்தைத்தான் வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறார்கள். மிளகுத்தண்ணீர் என்ற சொல்லை முல்லிகடானி ஆக்கிக்கொண்ட ஆங்கிலேயர், அதைக் கெட்டியான சூப்பாகக் காய்ச்சினார்கள். தெளிவை நமக்கு விட்டுவிட்டு மண்டியை மட்டும் கப்பலேற்றினார்கள் என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே, காரம் இல்லை என்று வாய் திறப்பவர்கள், தாம் எத்தனையாவது ஆளாக உட்கார்ந்தோம் என்பதையும், கரண்டி அடிவரை போனதா என்பதையும் சேர்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.