கமாண்டோ கனவு

கேள்வி: ப்ளஸ் டூ முடித்ததும் நேராக பாரா கமாண்டோ ஆகிவிட முடியுமா?

பதில்: முதலில் ராணுவத்துக்குள் நுழைய வேண்டும். அதிகாரியாக என்றால், யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு 2 முறை நடத்தும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு, 5 நாள் எஸ்.எஸ்.பி. நேர்முகம், கடக்வாஸ்லாவில் 3 ஆண்டு, டேராடூனில் 1 ஆண்டு பயிற்சி. அப்புறம்தான் பாரா எஸ்.எஃப். எனும் அந்தக் கமாண்டோ படைக்குக் கைதூக்கலாம். அங்கே தூக்கமில்லாமல், முதுகில் சுமையோடு, மாதக்கணக்கில் வாட்டி எடுப்பார்கள். 'போதும்' என்று எந்த நிமிடமும் வெளியேறலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். அதுதான் கடினமான பரீட்சை! உங்கள் புஜத்தைவிடப் பிடிவாதத்தைத்தான் அளக்கிறார்கள். பெரும்பாலோர் கழன்றுகொள்ள, மிஞ்சியவர்களுக்கே மெரூன் தொப்பி. தினமும் ஓடுங்கள்; கணக்குப் புத்தகத்தை மட்டும் பரணில் போட்டுவிடாதீர்கள். என்.டி.ஏ. எழுத்துத் தேர்வில் கணக்குக்கு மட்டும் 300 மதிப்பெண்.