நம்பர் மட்டும் நம்முது

சித்தப்பா வீட்டுச் சுவரில் நகைக்கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று தொங்கும். அதில் நீல வட்டங்கள் எல்லாம் சித்தி போட்டவை: அமாவாசை, சிலிண்டர் மாற்றிய நாள், எருமை சினைக்கு விட்ட நாள். சிவப்பு வட்டம் சித்தப்பாவுடையது. மூன்று மாதத்துக்கு ஒன்றுதான் வரும். அன்றைக்குத் தொண்ணூறு நாள் முடிகிறது.

ஒரு செல்போன் கம்பெனியில் சேர்ந்து 90 நாள் ஆகாமல் நம்பரைத் தூக்கிக்கொண்டு இன்னொரு கம்பெனிக்குப் போக முடியாது என்பது விதி. 90 நாள் ஆனால் போகலாம் என்றுதான் அதற்கு அர்த்தம். போயே தீர வேண்டும் என்று படித்துக்கொண்டவர்கள் சிலர் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தவர் சித்தப்பா. உங்களுக்கு ஒன்றுவிட்ட மாமாவாகவோ, மாடி வீட்டு ரிட்டயர்டு வாத்தியாராகவோ வாய்த்திருப்பார். கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது உங்கள் கையிலிருந்து போனை வாங்கி, மேல் மூலையில் இருக்கும் கோடுகளை எண்ணி, "ரெண்டு கோடுதான் நிக்குது. இதை வச்சுட்டு எப்படிக் கண்ணு காலந்தள்றே?" என்று துக்கம் விசாரிப்பாரே, அவரேதான்.

போன் செய்தால் ஹலோ சொல்லமாட்டார். "இப்ப எதுல பேசறேன், சொல்லு பாக்கலாம்?" என்பார். விடுகதை ஒன்றும் கடினமில்லை. நம் பக்கம் மிச்சமிருப்பதே நாலு கம்பெனி. மூன்று தடவை தப்பாகச் சொன்னாலும் நாலாவது சரியாகிவிடும். ஆனால் அந்த நாலையும் அவர் எத்தனை சுற்று சுற்றி வந்திருக்கிறார் என்பதற்குக் கணக்கில்லை. நவக்கிரகத்தைக்கூட ஒன்பது சுற்றோடு விட்டுவிடுகிறோம்.

நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2010 நவம்பர் 25 அன்று முதலில் ஹரியானாவில் வந்தது. 2011 ஜனவரி 20-ல் நாடு முழுவதும் வந்தது. சித்தி தன் கல்யாண நாளைச் சொல்லத் தடுமாறும் வயதுக்கு வந்துவிட்டாள். சித்தப்பா இந்த இரண்டு தேதிகளையும் தூக்கத்தில் சொல்வார். அப்போது டொகோமோ, யூனினார், ஏர்செல் என்று ஒரு பட்டாளமே இருந்தது. தீபாவளிக்கு ஜவுளிக்கடை ஏறி இறங்குவதுபோல் ஏறி இறங்கினார். பிறகு ஒவ்வொன்றாக மூடின, ஒன்றை ஒன்று விழுங்கின. 2018-ல் ஐடியாவை விட்டு வோடஃபோனுக்குப் போனார். அதே வருஷம் ஆகஸ்டில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. கோபித்துக்கொண்டு வந்த வீடும் புகுந்த வீடும் சம்பந்தி ஆனதுபோல ஆயிற்று. ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை.

ஒரு தடவை அவரிடமே கேட்டேன். "ஏன் சித்தப்பா, இவ்வளவு வெறுப்பா இருந்தா புது நம்பரே வாங்கிக்கலாமே?"

என்னவோ குலசாமியை மாற்றச் சொன்னதுபோல் பார்த்தார்.

விஷயம் இருக்கிறது. சித்தப்பாவுக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம் மோட்டார் ரிவைண்டிங் கடை. சுற்றுவட்டாரத்தில் கம்ப்ரெசர், சப்மெர்சிபிள் எது எரிந்தாலும் காயில் கட்ட அவரிடம்தான் வரும். கட்டிக் கொடுத்த ஒவ்வொரு மோட்டார் மேலும் வெள்ளைப் பெயிண்டில் அந்தப் பத்து இலக்கத்தை எழுதிவிடுவார். பம்ப்செட் ரூம் கதவு, தொட்டிச் சுவர், ஸ்டார்ட்டர் பெட்டி என்று நம்பர் இல்லாத இடமில்லை. நடுராத்திரி மும்முனைக் கரண்ட் வந்து மோட்டார் உறுமிவிட்டு நின்றுபோனால், விவசாயி டார்ச் அடித்துப் பார்ப்பது அந்த நம்பரைத்தான். 94-ல் தொடங்கும் நம்பர். 94 என்றால் அரசாங்கம், 98 என்றால் தனியார் என்று நம்பரைப் பார்த்தே சாதி சொன்ன காலத்தில் வாங்கியது. இன்றைக்கு அந்த முன்னெழுத்துக்கு ஒரு மரியாதையும் இல்லை. பெயர் அரசாங்கத்துடையது, குடியிருப்பது தனியாரிடம். "கம்பெனி வரும், போகும் கண்ணு. நம்பர் மட்டும் நம்முது" என்பார்.

இனி அந்தச் சிவப்பு வட்ட நாளுக்கு வருவோம்.

காலையில் குளித்துவிட்டு, போர்ட் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, நம்பரைப் போட்டு 1900-க்கு அனுப்புவார். 1901-லிருந்து எட்டு எழுத்தில் ஒரு குறி வரும். நாலு நாள்தான் அதற்கு உயிர். முன்பு 15 நாள் இருந்தது. 2019 டிசம்பரில் சுருக்கிவிட்டார்கள். வேறு யாராக இருந்தாலும் குறி வந்த கையோடு கடைக்குப் போவார்கள். சித்தப்பா போகமாட்டார். காயில் சுற்றும் மெஷினை நிறுத்துவார். நாற்காலியை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போடுவார். போனை ஸ்பீக்கரில் வைக்கத் தோதாக முக்காலி ஒன்று. உட்கார்ந்துவிடுவார். பெண் பார்க்க வருகிறார்கள் என்று சேதி வந்த வீட்டின் களை முகத்தில் இருக்கும்.

வருவது பழைய கம்பெனியின் போன்.

முதல் தடவை அடிக்கும். எடுக்கமாட்டார். "உடனே எடுத்தா நம்மள எளக்காரமா நினைப்பாங்க." இரண்டாவது தடவை ஏழாவது மணியில் எடுப்பார்.

"வணக்கம் சார். எங்க நெட்வொர்க்கை விட்டுப் போறதா ரிக்வெஸ்ட் குடுத்திருக்கீங்க. என்ன காரணம்னு தெரிஞ்சுக்கலாமா சார்?"

"காரணமா? அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள உனக்குப் பொழுது எறங்கிப் போயிரும் அம்மிணி."

தொடங்குவார். கேட்காமலே காலர் ட்யூன் போட்டு 30 ரூபாய் பிடித்தது. (பிடித்தது இந்தக் கம்பெனி அல்ல, மூடிப்போன இன்னொன்று. குற்றச்சாட்டு மட்டும் நம்பரோடு சேர்ந்தே பயணம் செய்கிறது.) ரைஸ்மில்லுக்குப் பின்னால் டவர் எடுக்காதது. கஸ்டமர் கேரில் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று சொல்லிச் சொல்லிக் கடைசிவரை மனிதனைக் காட்டாதது. அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் "சிரமத்துக்கு வருந்துகிறோம் சார்" என்பாள். வேப்பமரத்தடியில் அதற்குள் நாலு பேர் கூடியிருப்பார்கள். அப்போதுதான் வைத்திருந்ததை எடுப்பார்.

"அம்மிணி, மாசம்னா எத்தனை நாளு?"

"28 நாள் சார்."

"எந்தப் பஞ்சாங்கத்துல?"

கூட்டம் சிரிக்கும். அந்தப் பெண்ணும் சிரித்துவிடுவாள் என்று நினைக்கிறேன். ஸ்பீக்கரில் ஒரு சின்ன இடைவெளி கேட்கும். இந்த ஒரு கேள்வியில் மட்டும் நான் சித்தப்பா கட்சி. 28 நாளைக்கு ஒரு தடவை என்றால் வருஷத்துக்கு 13 தடவை கட்டுகிறோம். 2022-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் தலையிட்டு, ஆளுக்கு ஒரு 30 நாள் திட்டமாவது வைத்திருக்க வேண்டும் என்றது. வைத்திருக்கிறார்கள். மளிகைக் கடையில் பழைய அரிசி மூட்டையை வைப்பதுபோல், கேட்டால் மட்டும் எடுத்துக் காட்டுகிற இடத்தில்.

"உங்களுக்காக ஸ்பெஷலா ஒரு ஆஃபர் இருக்கு சார்."

"சொல்லு."

சொல்வாள். கண்ணை மூடிக் கேட்பார். அந்தத் திட்டத்தின் விலையும் டேட்டாவும் அவளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். முழுக்கக் கேட்டுவிட்டு, "வேண்டாம் அம்மிணி, மனசு விட்டுப்போச்சு" என்பார். அப்புறம் அவளுக்கு எந்த ஊர், சாப்பிட்டாளா, கம்பெனி வண்டி வீடு வரைக்கும் விடுமா என்றெல்லாம் விசாரிப்பார். "நான் போறதுனால உன்ற சம்பளத்துல ஒண்ணும் புடிக்கமாட்டாங்கல்லோ?" என்று ஒரு தடவை கேட்டதை என் காதால் கேட்டேன். அவள் இல்லை என்ற பிறகுதான் போனை வைத்தார்.

மனிதர் அன்றைக்கு முழுதும் ஒரு சுற்றுப் பருத்திருப்பார். எனக்கு அது புரிய வெகுநாள் ஆயிற்று. நாற்பது வருஷமாக ஒரே முடிதிருத்தும் கடை, ஒரே டீக்கடை. கரண்ட் ஆபீசில் போய், வேறு கரண்டுக்குப் போகிறேன் என்று மிரட்ட முடியாது. ரேஷன் கடையில் முடியாது. தாமிரக் கம்பி விலையை ஏற்றுகிறவனிடம் முடியாது. சித்தியிடம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. பெரிய ஊர்க் கண்ணாடிக் கட்டடத்திலிருந்து கூப்பிட்டு, "ஏன் சார் எங்களை விட்டுப் போறீங்க?" என்று அவரைக் கெஞ்சுகிற இடம் உலகத்தில் இது ஒன்றுதான்.

ஆனால் இதற்கு ஆகும் செலவைச் சித்தியைக் கேட்டால்தான் தெரியும். சித்தப்பா போடுவது 84 நாள் திட்டம். விதி 90 நாள். நடுவில் ஆறு நாள் தொங்கும். நம்பர் உயிரோடு இருந்தால்தானே பேச முடியும்? அதற்காக ஒரு 28 நாள் ரீசார்ஜ். போர்ட் ஆனதும் மீதி இருப்பது புதுக் கம்பெனிக்குக் கூட வராது. "ஆறு நாளைக்கு இருபத்தெட்டு நாள் காசு கட்டி, பாக்கியத் தானம் பண்ணிட்டு வர்றாரு உங்க சித்தப்பன். கேட்டா மாசம் இருவது ரூவா மிச்சமாமா."

அடுத்த காட்சி பஸ் ஸ்டாண்டில், குடை விரித்து சிம் விற்கிற பையனிடம். ஆதார் நம்பர் சொல்லி விரல் வைக்க வேண்டும். தாமிரக் கம்பியும் வார்னிஷும் சேர்ந்து சித்தப்பாவின் கைரேகையை எப்போதோ தின்றுவிட்டன. கட்டை விரல் வைப்பார், மெஷின் சிவப்பு காட்டும். விரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றி வைப்பார், சிவப்பு. வேட்டியில் துடைத்து வைப்பார், சிவப்பு. பத்து விரலும் வரிசையாகப் போய் வரும். இப்போதெல்லாம் அந்தப் பையன் பார்த்ததுமே, "அண்ணா, உங்களுக்கு இடது மோதிர விரல்தானே?" என்கிறான்.

போன வருஷம் சித்தியின் ஊக்கால் சிம் தட்டைக் குத்தித் திறந்தபோது சிம் விரிசல் விட்டுப்போயிற்று. மாற்று சிம் வாங்கினால் ஏழு நாள் போர்ட் பண்ண முடியாது. 2024 ஜூலையிலிருந்து அப்படி. ஏழு நாளும் துக்க வீட்டுக்காரர்போல் திண்ணையை விட்டு இறங்கவில்லை.

இதுவரை சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். ஒன்றைச் சிரிக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

போன ஆடியில் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர், அம்மாவின் போனையும் போர்ட் பண்ணிவிட்டுப் போனார். அம்மாவைக் கேட்டார்தான். "நல்லதுன்னா பண்ணுங்க தம்பி" என்று அவளும் சொன்னாள்தான். பக்கத்துக் கடைக்குக் கூட்டிப்போய் விரலும் வைக்கச் சொல்லி, மாதம் முப்பது ரூபாயோ என்னவோ மிச்சம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டுக் கிளம்பினார். புதுக் கம்பெனியின் டவர் எங்கள் வீட்டுச் சமையல்கட்டுக்குள் வரவில்லை. கூடத்திலும் இல்லை. மொட்டை மாடிப் படியில் ஏழாவது படியில் நின்றால் எடுக்கும். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்திருக்கிறது. பழைய கம்பெனிக்கே திரும்பலாம் என்றால் 90 நாள் காத்திருக்க வேண்டும். மூன்று மாதம், தினமும் ராத்திரி எட்டு மணிக்கு, என்னிடம் பேசுவதற்காக அவள் ஏழு படி ஏறி இறங்கினாள். கேட்டதற்கு, "தொண்ணூறு நாள்தானே கண்ணு, கண்ண மூடித் தொறந்தா ஓடிப்போயிரும்" என்றார் சித்தப்பா. சித்தப்பா, உங்கள் தொண்ணூறு நாள் வேறு, முழங்கால் வலிக்காரியின் தொண்ணூறு நாள் வேறு. அப்போது முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் 2018 பிப்ரவரி. ஏர்செல் சிக்னல் நின்று ஊரே திண்டாடியபோது அவர் கடை வாசலில்தான் வரிசை நின்றது. கிழவிகள், ஆடு மேய்ப்பவர்கள், டியூஷன் வாத்தியார் என்று வந்தவர்களுக்கெல்லாம் இரண்டு நாள் காயில் வேலையை மூடிவைத்துவிட்டுக் குறி வாங்கிக் கொடுத்தார். காசு கொடுத்தவரைத் திட்டி அனுப்பினார். அந்தக் கைதான் அம்மாவின் போனையும் எடுத்தது.

போன வாரம் சிவப்பு வட்டம். நானும் அங்கே இருந்தேன். பழைய சிம் எந்த ராத்திரி அடங்கும், புதுசு எப்போது உயிர் பெறும் என்று சரியாகச் சொல்லமாட்டார்கள். மூன்றாம் நாள் ராத்திரி பதினொரு மணி இருக்கும். பழையது செத்துவிட்டது. புதியதைப் போட்டு, திண்ணையில் உட்கார்ந்து, அணைப்பதும் போடுவதுமாக இருந்தார். கோடு வரவில்லை.

உள்ளே ஜன்னல் திட்டில் சித்தியின் பட்டன் போன் அடித்தது. 2004-ல் வாங்கிய சிம், வாங்கிய கம்பெனியிலேயே இருக்கிறது.

"ஆமாங்க... எந்தத் தோட்டம்? பொகை வந்துச்சுங்களா? சரி, ஸ்டார்ட்டரைத் தொடாதீங்க" என்றாள் சித்தி. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"உங்க நம்பர் அவங்களுக்கு எப்படிச் சித்தி?"

"மூணு மாசத்துக்கு ஒருக்கா இவரு காணாமப் போறாருல்லோ. எல்லாரும் என்ற நம்பரத்தான் எழுதி வச்சிருக்காங்க." போனை முந்தானையில் துடைத்துக்கொண்டே திண்ணைப் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, கூலநாயக்கன்பட்டிக்காரருக்கு மோட்டார் எரிஞ்சுபோச்சாமா. பேசறீங்களா, நானே காலையில வரச் சொல்லிரட்டுமா?"

சித்தப்பா நிமிரவில்லை. சிம்மைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, மறுபடி போட்டார்.