டாக்டர் ஓட்டின வண்டி

"சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டின வண்டி சார்" என்பார் பழைய கார் புரோக்கர். மறைமலைநகரில் பிறந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட் என்றால் உள்ளூர்ப் பாசமும் சேர்ந்துகொள்ளும். இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021-இல் கம்பெனி அறிவித்துவிட்டது. பாசம் மட்டும் இன்னும் உற்பத்தியில் இருக்கிறது.

2013-இல் வந்த பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது எண்ணெயில் நனையாத இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். நெரிசலில் ஊர்ந்தால் சூடேறி வண்டி உதறும். புரோக்கர் அதை 'ஸ்போர்ட்டி ஃபீல்' என்பார். இந்த கியர்பாக்ஸ் பற்றிய புகார்களைக் கையாண்ட விதத்துக்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018-இல் ஃபோர்டுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இங்கே அபராதத்தை வண்டி வாங்கியவரே கட்டுகிறார், தவணைமுறையில்.

ஒரு லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சின் என்றால் டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும். ஆயில் மாற்றாமல் ஓட்டியிருந்தால் பெல்ட் உதிர்ந்து, துகள்கள் ஆயில் போகும் வழியை அடைக்கும். "எஞ்சினை இறக்கிப் பார்த்தாதான் சார் சொல்ல முடியும்" என்பார் மெக்கானிக். தமிழில் இதைவிட விலையுயர்ந்த வாக்கியம் இல்லை.

டெஸ்ட் டிரைவைக் காலிச் சாலையில் முடித்துவிடாதீர்கள். மாலை ஆறு மணிக்குக் குரோம்பேட்டை நெரிசலில் ஓட்டிப் பாருங்கள். ஆயில் மாற்றிய பில்களையும் கேளுங்கள்; டாக்டர் கட்டாயம் வைத்திருப்பார்.