உத்தர வீதியில் ஒரு ‘ம்ம்ம்’: சுருதி, உற்பத்தி, பரிகாரம்

ஹோம் தியேட்டரில் படம் ஓடாதபோதும் ஸ்பீக்கர் விடாமல் முனகும் ‘ம்ம்ம்’ என்னும் ஓசையைத் தமிழறிஞர்கள் கண்டுகொள்ளாமலே விட்டுவிட்டார்கள். அக்குறை இன்றோடு தீர்கிறது. ஆய்வுக்களம்: ஸ்ரீரங்கம், உத்தர வீதி, ஒரு கூடம். ஆய்வுப்பொருள்: ஏ.வி. ரிசீவர், சப்வூஃபர், கேபிள் செட்டாப் பாக்ஸ்.

முதலில் சுருதி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். முனகலில் அதன் இரட்டிப்பான 100-ம் கலந்து வரும். கீழ் ஸ்தாயி ஐந்து கட்டை 98 ஹெர்ட்ஸ். நம் ஓசை அதற்கு ஒரு மயிரிழை மேலே. எனவே ஐந்து கட்டையில் பாடும் மாமிகள் தம்புராவை விற்றுவிடலாம் என்பார் உண்டு. அது பொருந்தாது. மின்தொகுப்பின் அதிர்வெண்ணுக்கு 49.90 முதல் 50.05 வரை ஊசலாட விதியே இடம் தருகிறது. இப்படி நகரும் சுருதி, 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலியில் ஆடிஷனைத் தாண்டாது.

இனி உற்பத்தி. சப்வூஃபர் தன் மூன்றாவது பின் வழியாக வீட்டு எர்த்தைத் தொடுகிறது. கேபிள் ஒயரின் வெளிப்பின்னலோ தெருவில் எங்கோ வேறொரு எர்த்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது. இரண்டும் பூமாதேவிதான், ஆனாலும் நடுவே சொற்ப வோல்டேஜ் வித்தியாசம். அது ஆடியோ ஒயரின் பின்னலில் மின்சாரமாக ஓடி, ஆம்ப்ளிஃபயரில் ஏறிப் பாட ஆரம்பிக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஒரே தீவில் இரண்டு எர்த் எப்படி ஒத்துப்போகாமல் இருக்கும் என்று கேட்கலாம். ஒரே பெருமாளுக்கு இரண்டு விதமாகத் திருமண் இட்டுக்கொள்பவர்கள் அப்படிக் கேட்கக் கூடாது.

பரிகாரத்திலும் இரண்டு கட்சி. தாய்ப்பூனை வந்து கவ்வும் என்று எலக்ட்ரீஷியனுக்காகச் சும்மா கிடப்பது பூனைக்குட்டிக் கட்சி. தானே ஒயரைப் பற்றித் தொங்குவது குரங்குக்குட்டிக் கட்சி. மோட்சத்துக்கு எது சிறந்ததோ அறிஞர்கள் சொல்லட்டும். இங்கே என் ஓட்டு குரங்குக்கு. செட்டாப் பாக்ஸின் முதுகில் திருகியிருக்கும் கேபிள் ஒயரை மட்டும் கழற்றுங்கள். முனகல் நின்றால் ஆள் அகப்பட்டார். அந்த இடத்தில் ஓர் ஐசொலேட்டர் போதும். நிற்கவில்லையா, எல்லாக் கருவிகளையும் ஒரே ஸ்விட்ச் போர்டுக்குக் கொண்டுவாருங்கள். நுனியில் சிவப்பாக மினுங்கும் ஆப்டிகல் ஒயரும் நல்லதே: அதில் வெளிச்சம்தான் போகும், மின்சாரம் போகாது. ஆனால் டி.வி.யிலிருந்து ரிசீவருக்கு எச்.டி.எம்.ஐ. ஒயர் போயிருந்தால் கொல்லைக்கதவு திறந்தே கிடக்கிறது.

மூன்றாவதாக ஒரு புறச்சமயம் உண்டு. எர்த் பின்னையே வெட்டி எறிபவர்கள். முனகல் நின்றுவிடும் என்பதுதான் இதில் உள்ள விபரீதம். பலன் கண்டதும் ஆள் சேர்கிறது. நம் பிளக்கில் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளம், தடிமன். முதலில் நுழைவதும் கடைசியில் வெளியேறுவதும் அதுதான். அது இல்லாத வீட்டில், 230 வோல்ட் என்றைக்காவது பெட்டியின் இரும்பு உடம்புக்கு வந்துவிட்டால், தரைக்கு இறங்கத் தொட்டவர் உடம்பைத் தவிர வேறு வழி இராது. ஏற்கெனவே வெட்டியிருப்பவர்கள் மிச்சப் படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கடைக்குப் போய்ப் புது த்ரீ பின் பிளக் வாங்கி மாட்டுங்கள்.