திங்கட்கிழமையைத் தின்னும் விமானம்

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள அப்பத்தாளுக்கு,

போனில் சொல்லத் தொடங்கினால் பாதியிலேயே "சாப்பிட்டியா?" என்பீர்கள். அதனால் கடிதம்.

"அமெரிக்கா பக்கந்தான், ஆறரை மணி நேரம்" என்று வளவில் எல்லாரிடமும் சொல்கிறீர்களாமே! வட்டிக் கணக்கில் பிசகாத ஆள் நீங்கள், கழித்தலில் குற்றமில்லை. சிங்கப்பூரில் நண்பகல் தாண்டி ஏறினேன், அன்று மாலையே ஏழு மணி வாக்கில் நியூயார்க்கில் இறங்கினேன். பல்லவன் ரயிலில் காரைக்குடியிலிருந்து எழும்பூர் போகிற நேரந்தான். ஆனால் ஆகாயத்தில் உட்கார்ந்திருந்தது பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல். சிங்கப்பூர்க் கடிகாரம் இங்குள்ளதைவிடக் கோடையில் 12 மணி நேரம், குளிர்காலத்தில் 13 மணி நேரம் முந்தி ஓடுகிறது. பசிபிக் கடல் நடுவில் தேதிக்கோடு என்று ஒன்று. கிழக்கே போகிறவனுக்கு ஒரு நாளை வரவு வைக்கிறது.

ஊருக்கு வரும்போது அது பற்று. ஞாயிறு இரவு இங்கே ஏறினால் செவ்வாய் விடிகாலை சிங்கப்பூர். திங்கள் விமானத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும். கார்த்திகையில் வந்தால் சோமவார விரதத்தை எந்த ஊர்க் கடிகாரப்படி முடிப்பது என்று குருக்களிடம் கேட்டு வையுங்கள்.

சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் தூரம் 15,300 கிலோமீட்டருக்கு மேல். உலகத்திலேயே நீளமான பயணிகள் விமானத் தடம் இதுதான். இதற்கென்றே செய்த ஏர்பஸ்ஸில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும், ஆட்கள் 161 பேர்தான். தலைக்கு ஆயிரம் லிட்டர்! நம் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்திக்கே இதைவிடக் கூட்டம் வரும்.

அப்பச்சியிடம் இதைச் சொல்லாதீர்கள்: உலக உருண்டையில் திருச்சியிலிருந்து நியூயார்க்குக்கு நூல் பிடித்தால் சுமார் 13,600 கிலோமீட்டர்தான். நூல் வடக்கே ஏறி, ருஷ்யாவைக் கடந்து, ஐஸ்லாந்துப் பக்கமாக இறங்கும். நான் வந்ததோ சிங்கப்பூர் வரை 3,000, அப்புறம் இந்த 15,300. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதை. என்ன செய்ய? திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர், அங்கே சின்னத்தாள் வீட்டில் ஒரு வேளைச் சோறு. செட்டிநாட்டுக்காரனுக்கு மேற்கே போவதென்றாலும் முதலில் கிழக்கே திரும்பித்தான் பழக்கம்.

ஐயா நாகப்பட்டினத்தில் படகேறி, கடலில் நின்ற ரஜூலாக் கப்பலுக்குப் போய், சிங்கப்பூர் சேர ஒரு வாரம் ஆகுமாம். கொண்டுவிற்கப் போனவர் மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் திரும்புவார். அவருக்கு வழியிலேயே உடம்பு பழகிவிடும். எனக்கு லீவே இரண்டு வாரம். அதில் பாதி நாள் ராத்திரி மூன்று மணிக்கு முழித்து முகப்பில் உட்கார்ந்திருப்பேன். அந்த வாரம் காவல்காரருக்கு லீவு கொடுத்துவிடுங்கள்.

செட்டிநாட்டில் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் சும்மாதானே கிடக்கிறது, அங்கே இறங்கக் கூடாதா என்று கேட்டீர்கள். நான் வரும் விமானம் கிளம்பும்போது 280 டன் வரை இருக்கும், அப்பத்தா. அங்கே மேய்கிற மாடுகளும் சம்மதிக்காது.

ஆகவே திருச்சிக்குக் கார் அனுப்புங்கள். புதுக்கோட்டையில் டீக்கு நிறுத்த வேண்டாமென்று டிரைவரிடம் சொல்லுங்கள், அந்த இரண்டு மணி நேரந்தான் எனக்கு நகரவே நகராது. சீப்புச் சீடையை இப்போதே சுட்டுவிடாதீர்கள், டிக்கெட் இன்னும் போடவில்லை.

உங்கள் பேரன்