குக்கர் விசிலும் கெர்னலும்

கே: இன்டரப்ட் என்றால் என்னவென்று என் பாட்டிக்கு விளக்க முடியுமா?

ப: பாட்டிக்கு ஏற்கெனவே தெரியும். சோறு வெந்ததா என்று நிமிஷத்துக்கொரு தரம் மூடியைத் திறந்து பார்த்தால் அது போலிங். விசில் கேட்டு எழுந்து போனால் இன்டரப்ட். கார்ட்டெக்ஸ்-எம்3 சிப், கையிலிருக்கும் எட்டு ரிஜிஸ்டர்களை ஸ்டாக்கில் வைத்துவிட்டு இன்டரப்டைக் கவனிக்கும் ஹேண்ட்லருக்குள் நுழைய 12 கிளாக் சுழற்சி போதும். 72 மெகாஹெர்ட்ஸில் அது ஒரு மைக்ரோசெகண்டில் ஆறில் ஒரு பங்கு. பாட்டிக்கு முழங்கால் வலி, கொஞ்சம் கூடுதலாகும்.

ஆனால் பாட்டி விசிலை எண்ணுவார். சிப் எண்ணாது. இருப்பது ஒரே ஒரு பென்டிங் பிட். கவனிப்பதற்குள் மூன்று அடித்தாலும் ‘அடித்தது’ என்று மட்டும் குறித்துக்கொள்ளும்.

கே: ரியல்டைம் என்றால் அதிவேகம்தானே?

ப: இல்லை, சொன்ன நேரம் தவறாமை. கெடு ஒரு மில்லிசெகண்ட் என்றால், ஆயிரம் தடவை 5 மைக்ரோசெகண்டில் ஓடிவந்து ஒரே ஒரு தடவை 5 மில்லிசெகண்ட் எடுப்பவன் ஃபெயில். எப்போதும் 100 மைக்ரோசெகண்டில் அசைந்து வருபவன் பாஸ்.

கே: ஹேண்ட்லருக்குள் ஒரு பிரின்ட்எஃப் போட்டேன். அன்றிலிருந்து சிஸ்டம் கடிகாரம் பின்தங்குகிறது.

ப: 115200 பாட் சீரியல் போர்ட்டில் 40 எழுத்து போய்ச் சேர மூன்றரை மில்லிசெகண்ட். கெர்னல் நேரத்தை எண்ணும் டிக் இன்டரப்டோ மில்லிசெகண்டுக்கு ஒன்று. நீங்கள் கதை சொல்லி முடிப்பதற்குள் மூன்று டிக் அடித்திருக்கும். அந்த ஒற்றை பிட் நினைவில் வைத்திருப்பது ஒன்றை. மீதி போச்சு.

ஹேண்ட்லர் தபால்காரர் மாதிரி. கடிதத்தைப் போட்டு, மணியடித்து, நடையைக் கட்ட வேண்டும். பிரித்துப் படித்துக் காட்டக் கூடாது, அது டாஸ்க்கின் வேலை. திண்ணையில் காத்திருக்கவும் கூடாது. கெர்னலுக்குத் தூங்கவைக்கத் தெரிந்தது டாஸ்க்கை மட்டும்தான். ஃப்ரீஆர்டிஓஎஸ் என்ற ரியல்டைம் கெர்னலில் ‘ஃப்ரம்ஐஎஸ்ஆர்’ என்று வால் முளைத்த தனி ஃபங்ஷன்கள் இருப்பது இதற்காகத்தான். அவை காத்திருக்காது.

கே: என் இன்டரப்ட் கடைசியில் போகட்டும் என்று ப்ரையாரிட்டி 0 கொடுத்தேன். சிஸ்டம் அவ்வப்போது செத்துப்போகிறது.

ப: கார்ட்டெக்ஸ்-எம்மில் எண் குறையக் குறைய அதிகாரம் கூடும். 0 மகாராஜா. ஃப்ரீஆர்டிஓஎஸ் டாஸ்க்குகளில் நேர் எதிர். இரண்டையும் ஒரே நாளில் படிப்பவர்களுக்கு என் அனுதாபங்கள். கெர்னல் தன் பட்டியல்களைத் திருத்தும்போது, ஒரு வரம்புக்கு உட்பட்ட இன்டரப்ட்களைத்தான் நிறுத்திவைக்கும். மகாராஜா அப்போதும் உள்ளே வருவார். வந்தவர் கெர்னல் ஃபங்ஷனைக் கூப்பிட்டால், பாதி திருத்திய பட்டியலில் கை வைக்கிறார். எண்ணை வரம்புக்குள் கொண்டுவாருங்கள். ரீசெட் ஆனதும் எல்லா சாதன இன்டரப்ட்களும் 0-வில்தான் நிற்கும், ஆகவே எண்ணே கொடுக்காதவர்களும் சிரிக்க வேண்டாம்.

கே: எல்லா இன்டரப்டையும் அணைத்துவிட்டு நிம்மதியாக வேலை பார்த்தால்?

ப: பார்க்கலாம். அணைத்துவைத்த நேரம் அப்படியே தாமதக் கணக்கில் ஏறும்.

கே: லினக்ஸும் ரியல்டைம் ஆகிவிட்டதாமே?

ப: 2024-இல், 6.12 பதிப்பில். இருபது வருஷ நிச்சயதார்த்தத்துக்குப் பிறகு கல்யாணம். அந்த வகைக் கெர்னலில் பெரும்பாலான ஹேண்ட்லர்கள் த்ரெட்களாக ஓடும். அவசர டாஸ்க் ஒன்று நெட்வொர்க் கார்டைப் பார்த்து ‘கொஞ்சம் இரு’ என்று சொல்லலாம்.

கே: நிலவில் இறங்கும்போதே இன்டரப்ட் தகராறு வந்ததாமே?

ப: முக்கால் சரி. 1969 ஜூலை 20, அப்போலோ 11. ரேடாரிலிருந்து வந்த வெற்றுத் துடிப்புகள் ஹேண்ட்லரைக் கூப்பிடவில்லை. ஒவ்வொன்றும் கவுண்ட்டரை மாற்ற ஒரு மெமரி சுழற்சியைத் திருடியது. வேலைகள் தேங்கி 1202 அலாரம் அடித்தது. கம்ப்யூட்டர் தன்னை மறுபடி தொடங்கி, அவசியமில்லாததை உதறிவிட்டு, இறக்கும் வேலையைத் தொடர்ந்தது. ஆர்ம்ஸ்ட்ராங் பத்திரமாக இறங்கினார்.